ஷெல்பி பெயரில் ஒரு அனுமதிச் சீட்டு

கிங்மன், அரிசோனா
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஷெல்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், உங்கப்பாவின் முழங்காலைத் தவிர. அந்த முழங்கால் வலிக்குப் பின்னால் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. அதை வரிசையாகச் சொல்ல வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். பொறுமை இல்லை. கிடைத்துவிட்டதடி! பள்ளத்தாக்கின் அடியில், நடந்தே இறங்க வேண்டிய அந்த நீல அருவி ஊர் சுபாய்க்கு அனுமதி கிடைத்துவிட்டது! மே மாத ஆரம்பத்தில், மூன்று இரவு, மூன்று பேர். நீ, நான், உங்கப்பா.

உன் முகவரி வரும்வரை இரண்டு வாரம் இந்தச் செய்தியை வயிற்றில் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். போன் கிடையாது, மின்னஞ்சல் கிடையாது, கடிதம் மட்டும்தான் என்று உன்னை அழைத்துப்போன அந்த மரீன் படைக்காரர் சொன்னபோது, தபால்காரியிடம் போய் இதைச் சொல்கிறாரே என்று சிரிப்பு வந்தது. இப்போது சிரிப்பு வரவில்லை. கடிதம் ரொம்ப மெதுவாகப் போகிறது என்று என் கவுண்டரில் நின்று திட்டுகிறவர்கள் சொல்வது எல்லாம் உண்மைதான்.

எப்படிக் கிடைத்தது என்று கேள். பிப்ரவரி முதல் தேதி காலையில் முன்பதிவு திறக்கும், திறந்த கொஞ்ச நேரத்தில் வருஷம் முழுக்கத் தீர்ந்துவிடும். நீ பள்ளியில் படிக்கும்போதிருந்து வருஷா வருஷம் கணினி முன்னால் உட்கார்ந்து, அது சுற்றுவதையே பார்த்துவிட்டு, அழாத குறையாகப் பள்ளிக்குப் போவாய். இந்த வருஷம் நீ முகாமுக்குப் போய்விட்டாயே, அந்த நாற்காலி சும்மா இருக்கிறதே என்று நான் போய் உட்கார்ந்தேன். உன் பழைய மடிக்கணினி, உன் கணக்கு திறந்தபடியே இருந்தது. நான் எதையோ அழுத்தினேன், அது எதையோ கேட்டது, ஆமாம் ஆமாம் என்று அழுத்திக்கொண்டே போனேன். திடீரென்று "உங்கள் இடம் உறுதி" என்று வந்தது. நான் போட்ட கூச்சலில் உங்கப்பா முகச் சவரம் பாதியில் நிற்க ஓடிவந்தார். வீட்டில் பாம்பு புகுந்துவிட்டது என்று நினைத்தாராம், கையில் துடைப்பம்.

விஷயத்தைச் சொன்னதும் துடைப்பத்தைக் கீழே வைத்தார். "ஷெல்பிக்கு அப்போ லீவு இருக்குமா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். நீ படையில் சேர்கிறேன் என்று சொன்ன நாளிலிருந்து அவர் வாயில் உன் பெயர் வந்தது அன்றுதான். நான் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஏப்ரல் கடைசியில் பயிற்சி நிறைவு அணிவகுப்பு முடிந்து பத்து நாள் விடுப்பு, சரியாக அதற்குள் வருகிறது என்றேன். "அப்போ நான் கொஞ்சம் நடக்கப் பழகணும்" என்றார். பழக ஆரம்பித்துவிட்டார். பள்ளிக்கூட மைதானத்தில் பார்வையாளர் படிக்கட்டில் ஏறி இறங்குகிறார். முழங்கால் கதை அதுதான்.

வேலையில் முதலில் ரோலீனிடம்தான் சொன்னேன். சுபாயிலிருந்து மேலே வந்து கிங்மனில் சாமான் வாங்கிக்கொண்டு, எங்கள் பீச் ஸ்பிரிங்ஸ் தபால் நிலையத்தில் பெட்டி பெட்டியாகக் கட்டி அனுப்பிவிட்டு, தான் மட்டும் வெறும் கையோடு இறங்கிப் போவாளே, அவள்தான். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "பதினஞ்சு வருஷமா எங்க வீட்டு முட்டை, மாவு, கோழிக்கால் எல்லாம் உன் கையாலதான் கோவேறு கழுதை ஏறிக் கீழ போயிருக்கு. எம்புள்ளைங்களோட ஜட்டி சைஸ்கூட உனக்குத் தெரியும். நீ மட்டும் ஒரு தடவை வந்ததில்ல. ஜெர்மனியிலேருந்து வர்றான், ஜப்பான்லேருந்து வர்றான், பக்கத்துல இருக்கிற நீ இப்பதான் கிளம்பற!" உண்மைதான். பக்கத்தில்தானே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்றே இருந்துவிட்டோம்.

நீ நன்றாகச் சாப்பிடு. சீக்கிரம் சாப்பிடச் சொல்கிறார்களாமே, மென்று சாப்பிடு. தென் கரோலினாவில் மணல் பூச்சி கடிக்கும் என்று எழுதியிருந்தாய். அடிக்கக்கூடக் கையைத் தூக்கக் கூடாது என்றால் என்ன நியாயமோ. நீலத் தண்ணீரை நினைத்துக்கொண்டு நில், பூச்சி தெரியாது.

சந்தோஷம் தாங்காத,
உன் அம்மா டார்லா


கிங்மன்
மார்ச், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஷெல்பிக்கு,

அம்மாவின் முத்தங்கள். முதலில் மன்னிப்பு. அந்த உறையைப் பற்றித்தான். எங்கள் தபால் நிலையத்தில் புதிதாக அருவிப் படம் போட்ட மினுமினுப்பு ஸ்டிக்கர் வந்திருந்தது. நாலு மூலையிலும் ஒட்டினேன். "எங்கள் வீட்டு வீராங்கனைக்கு" என்று ஊதா மையில் எழுதினேன். அழகான உறைக்கு அங்கே தண்டனை என்று யாராவது சொன்னார்களா? உன் டிரில் மாஸ்டர் அம்மாள் அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டி, ஒவ்வொரு ஸ்டிக்கருக்கும் தனித்தனியாகத் தண்டால் எடுக்கவைத்தாள் என்று படித்ததும் எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. உங்கப்பா சிரித்துவிட்டார். "ஆயுசு முழுக்கத் தபால்ல வேலை பாக்கறவ, சொந்தப் பொண்ணுக்குத் தபால் போடத் தெரியல" என்கிறார். இந்த உறையைப் பார், ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி வெள்ளையாக அனுப்பியிருக்கிறேன்.

"இந்த ரெக்ரூட் நலம்" என்று எழுதியிருக்கிறாய். பயிற்சியில் இருக்கிறவர்கள் "நான்" என்று சொல்லக் கூடாதாமே, அதற்காக அந்தச் சொல்லையே மறந்துவிட்டாயா? என்னிடம் நீ நான் என்றே எழுது. அம்மாவிடம் தண்டால் கிடையாது.

இங்கே வீடு வீடாக இல்லை. சமையலறை மேஜை மேல் கூடாரம், கட்டிலின் மேல் தூங்கும் பைகள், குளியல் தொட்டியில் புதுத் தண்ணீர்ப் பையை ஒழுகுகிறதா என்று போட்டுவைத்திருக்கிறோம். நான் புது பூட்ஸை வேலைக்கே போட்டுக்கொண்டு போகிறேன், அப்போதுதான் காலுக்குப் பழகும். சீருடைக்குக் கீழே அந்த பூட்ஸைப் பார்த்து ஒரு பெரியவர் எங்கேயாவது தீப்பிடித்துவிட்டதா என்று கேட்டார்.

உங்கப்பா எடை குறைப்பதில் இறங்கியிருக்கிறார். ஏதோ வீடியோ பார்த்தாராம், பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை ரம்பம் வைத்து அறுத்தார். சட்டையிலிருந்த துணிச் சீட்டை எல்லாம் கத்தரித்தார். சரி, மனுஷன் திருந்திவிட்டார் என்று நினைத்து முதுகுப்பையைத் தூக்கினால் தூக்க முடியவில்லை. உள்ளே அந்தப் பழைய கனத்த இரும்பு வாணலி! "முட்டை எதுல பொரிக்கறது?" என்கிறார். முட்டையையும் கொண்டுவருகிறாராம்.

நான் பேசிப் பயனில்லை என்று பையைத் தபால் நிலையத்துக்கே எடுத்துப்போய்ப் பார்சல் நிறுக்கும் மெஷினில் வைத்தேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். ரோலீனும் இருந்தாள். "கோவேறு கழுதை மேல ஏத்தி அனுப்பிடேன், வாடகைக்குத்தான் இருக்கே" என்று ஒருவர் சொன்னார். ரோலீன் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எங்க கழுதைங்களும் பாவம்தானே, இதைப் பாத்தா வேலையை விட்டுட்டு ஓடிடும்" என்றாள். வரிசையே சிரித்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன். வாணலி வெளியே போனது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அதைக் கழுவி அடுப்பு மேல் மாட்டினார்.

அவர் பயிற்சிக்குப் பையில் பூனை மண் மூட்டையை, வீட்டுப் பூனை வெளிக்குப் போகத் தட்டில் போட்டுவைப்பார்களே அதை, வைத்துக்கொண்டு நடக்கிறார். எடை சரியாக இருக்குமாம். கடையில் வேலை செய்யும் பெண், "எத்தனை பூனை வளக்கறீங்க, சார்?" என்று கேட்டிருக்கிறாள். ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கிறார். அவள் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாளாம். எரிவாயு லாரியில் நாள் முழுக்க உட்கார்ந்து வளர்த்த தொப்பை, இப்போது பெல்ட்டில் ஒரு துளை உள்ளே போயிருக்கிறது. என்னிடம் காட்டினார். உனக்கு எழுதச் சொன்னேன். "நான் என்ன எழுதறது? நீயே எழுது" என்கிறார். அதனால் எழுதுகிறேன், ஒரு துளை.

இனி ஒரு விஷயம், இதைக் கொஞ்சம் கவனமாகப் படி. அனுமதிச் சீட்டை அச்செடுத்துப் பார்த்தேன். அதில் குழுத் தலைவர் என்று உன் பெயர் இருக்கிறது. உன் கணக்கில்தானே எடுத்தேன். சரி, என் பெயருக்கு மாற்றிவிடலாம் என்று பார்த்தால் முடியாதாம். யார் பெயரில் சீட்டோ அவர் நேரில் வந்து அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் கூட வந்தவர்கள் எல்லோரும் அப்படியே திரும்ப வேண்டியதுதான். ரோலீனிடம் ஏதாவது வழி உண்டா என்று கேட்டேன். "வழியெல்லாம் கிடையாது. முன்னாடி ஆளுங்க கட்டுக் கட்டா வாங்கி ரெண்டு பங்கு மூணு பங்கு விலைக்கு வித்தாங்க. அதான் இப்ப பேருன்னா பேருதான். எனக்காகக் கேட்டா எனக்கே மரியாதை போயிடும், டார்லா" என்றாள். நியாயம்தான். அது அவர்கள் ஊர், அவர்கள் வீடு. நாம் விருந்தாளி.

ஆக, எங்கள் கேப்டன் நீதான். நீ இல்லாமல், நடை தொடங்கும் மலையுச்சியின் வாகன நிறுத்தத்தைக்கூடத் தாண்ட முடியாது! உங்கப்பா இதைக் கேட்டதும், "அவ வருவா. அவ எதையும் பாதியில விட்டதில்ல" என்றார். பார், உன்னைப் பற்றி எப்படிப் பேசுகிறார்.

கடைசியாக அவருடைய கேள்வி ஒன்று. மூனி அருவிக்குக் கீழே இறங்க வேண்டுமே, பாறைக்குள் குடைந்த வழி, பிறகு சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஈர ஏணியில் பின்பக்கமாக இறங்குவது. அதன் வீடியோவைப் பார்த்ததிலிருந்து மனுஷனுக்கு உள்ளங்கை வேர்க்கிறது. மாடிக் கூரையிலிருந்து ஏணியில் பின்பக்கமாக இறங்கிப் பழகுகிறார், நான் கீழே பிடித்துக்கொள்ள வேண்டும். "அவகிட்ட கேளு, அந்தச் சங்கிலியில முதல்ல யார் இறங்கறதாம்?" என்றார். கேட்டுவிட்டேன். நீ எனக்குப் பதில் எழுதாதே, அவருக்கு எழுது.

படுக்கப் போகுமுன் ஒரு ஜெபம் சொல். முடியாவிட்டால் தூங்கு, அதுவும் ஜெபம்தான்.

உன் ரெக்ரூட் அம்மா,
டார்லா


கிங்மன்
ஏப்ரல், வெள்ளிக்கிழமை மாலை

அன்புள்ள எங்கள் கேப்டனுக்கு,

வணக்கமும் சல்யூட்டும். உன் கடிதம் வந்த அன்று நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டாய். உறையின் மேல் "வெண்டல்" என்று உங்கப்பா பெயர் இருந்ததால் நான் பிரிக்கவில்லை. அவர் வேலையிலிருந்து வந்து, கை கழுவி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, ஏதோ நீதிமன்ற ஓலை மாதிரி பிரித்தார். இரண்டே வரிதானே. "அப்பா, நான்தான் முதலில் இறங்குவேன். உங்கள் கால் ஒவ்வொன்றையும் நானே பிடித்துப் படியில் வைக்கிறேன், நீங்கள் கீழே பார்க்கவே வேண்டாம்." படித்துவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய் நின்றார். உள்ளே வந்து, "நல்லா யோசிச்சுத்தான் சொல்லியிருக்கா" என்றார். அந்தக் காகிதம் இப்போது லாரியின் வெயில் தடுப்புக்குப் பின்னால் இருக்கிறது. நான் சொன்னதாகச் சொல்லாதே.

அன்றிலிருந்து வீட்டில் திருவிழாதான். உங்கப்பா லாரி ஓட்டும்போது பாடுகிறாராம், வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்து உடம்பு சரியில்லையா என்று கேட்டார். நான் மிளகாய் போட்ட பீன்ஸும் இறைச்சியும் சமைத்து, அடுப்பில் குறைந்த சூட்டில் பகல் முழுக்கக் காயவைத்தேன். தண்ணீர் ஊற்றினால் திரும்பக் குழம்பாகிவிடும். சோதனைக்கு ஒரு பிடி எடுத்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம், உங்கப்பா சாப்பிட்டுவிட்டு, "ருசியா இருக்கு, ஆனா கூடாரத்துல நான் தனியாப் படுத்துக்கறேன்" என்றார். பிறகு டார்ட்டியா ரொட்டி, வேர்க்கடலை வெண்ணெய், உலர்ந்த மாட்டிறைச்சி, உனக்குப் பிடித்த எலுமிச்சைத் தூள். ரோலீனின் தங்கை கீழே நாம் கூடாரம் போடும் இடத்துக்குப் பக்கத்தில் பொரித்த ரொட்டி போடுகிறாளாம், சொல்லி வைத்திருக்கிறாள். "முதல் நாள் வெயில்ல செத்துப்போய் வருவீங்க. எந்தங்கச்சி ரொட்டிய ஒரு வாய் வெச்சா உயிர் வந்துடும்" என்கிறாள்.

போன ஞாயிறு முழு மூட்டையோடு ஒத்திகை. விடியுமுன் கிளம்பி ஊருக்கு வெளியே பாறைகளுக்கு நடுவே நடந்தோம். கள்ளிப் பூ விட்டிருக்கிறது. நான் நினைத்ததைவிட நன்றாக நடந்தேன், சொல்கிறேனே என்று நினைக்காதே. இறங்குவது சுலபம், கடைசி நாள் வெயிலுக்கு முன்னால் அந்தச் செங்குத்து வளைவுகளில் மேலே ஏறி வருவதுதான் கண்டம் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். உங்கப்பா ஒவ்வொரு மேட்டிலும் நின்று, "ஷெல்பி இருந்தா இங்க ஓடியே போயிருப்பா" என்றார். எத்தனை தடவை சொன்னார் என்று எண்ணவில்லை. பாதிக்கு மேல் எனக்கே எரிச்சல் வந்தது.

ஒன்று சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. இந்தப் பயணத்துக்குப் பிறகு உன்னை எங்கே அனுப்புவார்களோ. ஜப்பான் பக்கம் என்று நீ ஒரு தடவை எழுதினாய். எத்தனை வருஷமோ. உங்கப்பா அதைப் பற்றிக் கேட்கவே இல்லை, உலக வரைபடத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த மூன்று இரவு எங்களுக்கு எவ்வளவு பெரியது என்று உனக்குத் தெரிந்திருக்கும். சரி, வேண்டாம், இதை எழுதினால் மை கரையும்.

உன் கடிதங்கள் சின்னதாகிக்கொண்டே வருகின்றன. முன்பெல்லாம் எவ்வளவு தூரம் நடந்தோம், யார் மயங்கி விழுந்தாள் என்று பக்கம் பக்கமாக வரும். இப்போது சாப்பாடு, வானிலை, அவ்வளவுதான். களைப்பு என்று நினைக்கிறேன். கொஞ்சம்தான் பாக்கி, பல்லைக் கடித்துக்கொள். நாங்கள் பையைக் கட்டி வாசலருகே வைத்துவிட்டோம். இப்போதே போகத் தயார், உன்னை மட்டும்தான் எதிர்பார்க்கிறோம்.

ஆர்வத்தில் தூக்கம் வராத,
அம்மா


பீச் ஸ்பிரிங்ஸ் தபால் நிலையம்
ஏப்ரல், புதன்கிழமை மதியம்

ஷெல்பி கண்ணே,

இன்று குசலம் விசாரிக்க மாட்டேன். உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. கவுண்டரிலேயே பிரித்துப் படித்தேன். படித்துவிட்டு "மூடியிருக்கிறது" என்ற பலகையை மாட்டிவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் வேலை நேரத்தில் அதை நான் மாட்டியதே இல்லை.

முதலில் கோபம்தான் வந்தது, மறைக்கமாட்டேன். மூன்று வாரமாகப் பாதத்தின் மேல் எலும்பு வலிக்கிறது, வீங்கியிருக்கிறது, இரண்டு சாக்ஸ் போட்டு இறுக்கிக்கொண்டு மூட்டையோடு நடந்தாய், சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு சத்தம் வராமல் பார்த்துக்கொண்டாய். இதை எழுதிவிட்டு "அப்பாவிடம் சொல்லாதீர்கள்" என்று வேறு எழுதியிருக்கிறாய். உன் பக்கத்துக் கட்டில் பெண் இப்படித்தான் வலிக்கிறது என்று போனாள், எலும்பில் கீறல் என்று படம் எடுத்துச் சொல்லிவிட்டார்கள், அவளைத் தனிப் பிரிவில் உட்காரவைத்துவிட்டார்கள், அவளுக்கு எப்போது அணிவகுப்பு என்றே தெரியாது என்கிறாய். அப்புறம் அந்த வரி. "நான் வராவிட்டால் மலையுச்சியிலேயே உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சீட்டில் என் பெயர்தானே இருக்கிறது. நான் அப்பாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்."

அதைப் படித்ததும் கோபம் போய்விட்டது. எல்லாம் உன்னை நம்பித்தான், கேப்டன், பல்லைக் கடித்துக்கொள் என்று நான்தானே எழுதிக்கொண்டே இருந்தேன். நீ அப்படியே கடித்துக்கொண்டாய்.

உங்கப்பாவிடம் சொல்லிவிட்டேன். நீ என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. கடிதத்தைக் கையில் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார், மறுபடி படித்தார். "இது எப்ப எழுதினது?" என்று கேட்டார். தேதியைக் காட்டினேன். "அதுக்கப்புறமும் நடந்திருப்பா" என்றார்.

முகாமுக்குப் போன் செய்து சொல்லிவிடட்டுமா என்றேன். எனக்கு அதுதான் தோன்றியது. "வேண்டாம். அவ வளந்த பொண்ணு. அம்மா அப்பா போன் பண்ணி டாக்டர்கிட்ட அனுப்புனாங்கன்னா அங்க அவ மூஞ்சிய எங்க வெச்சுப்பா? அவ வாயாலதான் சொல்லணும்" என்றார். "சொல்ல மாட்டாளே!" என்று கத்தினேன். "சொல்ல மாட்டாதான். அந்தச் சீட்டு இருக்கிற வரைக்கும் சொல்ல மாட்டா" என்றார்.

நேராக உன் அறைக்குப் போய் மடிக்கணினியைத் திறந்தார். உனக்குத் தெரியுமே, உங்கப்பாவுக்கு அதில் எழுத்தைப் பெரிதாக்கக்கூடத் தெரியாது. "இதை எப்படித் திருப்பிக் குடுக்கறது, காட்டு" என்றார். நான் தடுத்தேன் ஷெல்பி. ஒரு நாள் பொறுக்கலாமே, வெறும் சுளுக்காக இருந்தால் என்ன செய்வது, மறுபடி கிடைக்கவே கிடைக்காதே என்று கெஞ்சினேன். பதினைந்து வருஷமாக அந்த ஊருக்குக் கோழியும் மாவும் அனுப்பியவள் நான், எனக்கும் ஆசை இருக்காதா? அவர் என்னைத் திட்டவில்லை. "டார்லா, நாம அந்தத் தண்ணியில காலை நனைக்கறதுக்கு அவ காலை உடைச்சுக்கணுமா?" என்றார்.

நானே அழுத்தினேன். திருப்பிக் கொடுத்த இடங்களின் பட்டியலில் நம்முடையது வந்தது. காபி போட்டு வருவதற்குள் யாரோ எடுத்துவிட்டார்கள். யாரோ ஒரு வீட்டில் இப்போது ஒருத்தி கூச்சல் போட்டுக்கொண்டிருப்பாள், அவள் புருஷன் துடைப்பத்தோடு ஓடிவந்திருப்பான். நல்லபடியாகப் போய் வரட்டும்.

ஆகவே கேள். சீட்டு இல்லை. மே மாதம் இல்லை. நீ வருகிறாயா என்று மலையுச்சியில் யாரும் காத்திருக்கப்போவதில்லை. உன்னால் யாரும் திரும்பப்போவதில்லை. நீ நொண்டி நொண்டி நடப்பதற்கு நாங்கள் வைத்திருந்த காரணத்தை நாங்களே எடுத்துவிட்டோம். இனி மருத்துவரிடம் போகாமலிருக்க உனக்கு ஒரு சாக்கும் கிடையாது. தனிப் பிரிவில் உட்காரவைத்தால் உட்கார். எலும்பு சேரும்வரை உட்கார். அது வெட்கம் இல்லை. நீ எப்போது அணிவகுத்தாலும், ஆகஸ்ட் வெயிலானாலும், அங்கே வந்து நின்று பெயர் சொல்லிக் கத்துவேன், தண்டால் எடுக்கச் சொன்னால் நானே எடுக்கிறேன்.

ரோலீனிடம் இன்று காலை சொன்னேன். நம் சீட்டைத் திருப்பிக் கொடுத்தோம் என்றதும் அவள் முட்டைப் பெட்டியைக் கீழே வைத்தாள். "நல்ல காரியம் பண்ணினே. வெள்ளம் வந்தப்போ எங்க அருவியே இடம் மாறியிருக்கு, அப்பவும் அங்கதான் இருக்கோம். தண்ணி எங்கயும் போகாது. பொண்ணு கால் ஆறட்டும்" என்றாள். பிறகு தங்கை செய்த ரொட்டியை ஒரு துணியில் சுற்றி என் கையில் கொடுத்தாள். ஆறிப்போன ரொட்டிதான். மதியச் சாப்பாட்டுக்கு அதையே தின்றேன், தேன் தடவி. ரொம்ப நன்றாக இருக்கிறது, ஷெல்பி. அழுதுகொண்டே தின்றால்கூட நன்றாக இருக்கிறது.

வாசலில் கட்டிவைத்த பைகளை நேற்று பிரித்தோம். உங்கப்பா மட்டும் இன்று விடியற்காலையிலும் பூனை மண் மூட்டையைத் தூக்கிக்கொண்டு படியேறப் போனார். பிளாஸ்கில் காபி ஊற்றிக் கொடுத்தனுப்பினேன்.

இதை விரைவுத் தபாலில் என் கையாலேயே பையில் போடுகிறேன். உனக்குக் கிடைத்த உடனே, அந்த நிமிஷமே, கையைத் தூக்கிச் சொல்லிவிடு கண்ணே. இந்த ரெக்ரூட்டுக்குக் கால் வலிக்கிறது என்று சொல். சத்தமாகச் சொல். ஆண்டவர் உன் எலும்பைக் காக்கட்டும்.

உன் அம்மா

உங்கப்பா இடம் விடச் சொன்னார், சாயங்காலம் லாரியில் இந்தப் பக்கம் வரும்போது எழுதுகிறாராம். விட்டிருக்கிறேன்.

ஷெல்பி,

அப்பா எழுதுகிறேன். எனக்கு எழுத வராது, உனக்குத் தெரியும். உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். எந்தக் கால் என்று நீ எழுதவே இல்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை. ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இடது காலா, வலது காலா? மருத்துவரிடம் காட்டிவிட்டு எனக்கு எழுது, மகளே.

அப்பா